வாஞ்சைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

பென்சில் இல்லாமல் எனக்குப் படிக்க வராது. பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவள். பிடித்த வரிக்கு அடியில் ஒரு கோடு, அர்த்தம் தெரியாத சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி என்று எனக்கு நானே ஒரு வழி வைத்திருந்தேன். குரும்பலூர் நூலகத்துப் புத்தகம் என்பதால், திருப்பிக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துவிடுவேன்.

பெரம்பலூர் தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருக்கும். பூலாம்பாடியிலிருந்து வந்திருந்த நாத்தனார், நான் மாவு மில்லுக்குப் போன நேரத்தில் என் நாவலைப் புரட்டியிருக்கிறாள். கோடு என்றால் எங்கள் வீட்டில் இரண்டே அர்த்தம். பரீட்சைக்கு முக்கியம், இல்லையென்றால் தப்பு.

"அண்ணி, 'மனைவியை வாஞ்சையோடு பார்த்தான்'னு போட்டிருக்கு. பக்கத்துல கேள்வி போட்டு வச்சிருக்கீங்க. எங்கண்ணன் உங்கள அப்படிப் பாக்கறதில்லையா?"

மாவுத் தூக்கை இறக்கி வைத்தேன். அதற்குள் சைக்கிள் கடையிலிருந்து சாப்பிட வந்த என் வீட்டுக்காரரிடமும் பக்கத்தைக் காட்டிவிட்டாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எம்மேல குறைன்னா வாயத் தொறந்து சொல்றது. லைப்ரரி முழுக்கத் தெரியணுமா? கார்டு எம்பேர்லதான இருக்கு. குடுத்துட்டு வந்துர்றேன்" என்றார்.

கார்டு போனால் எனக்குப் புத்தகம் ஏது? வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியலங்க. அதான் கேள்வி."

"அன்பு மாதிரி..." என்று இழுத்தாள் நாத்தனார்.

"இல்லடி, மொறைக்கறது" என்றார் அவர்.

மறுநாள் டவுனில் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்தார். வாயால் சொல்லியிருந்தால் போதும். நான் அடுப்படியில் இருந்தபோது, பால்பாயிண்ட் பேனாவால் என் கேள்விக்குறியின் மேலேயே 'வாஞ்சை = பாசம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டார். பஞ்சர் ஒட்டுகிற அழுத்தம் அவர் கைக்கு. பின்னால் உள்ள தாள்களிலும் தடம் விழுந்திருந்தது. ரப்பர் போட்டேன், எச்சில் தொட்டுத் தேய்த்தேன். தாள்தான் பஞ்சாக எழும்பியது.

நூலகர் அந்தப் பக்கத்தை விரித்து வைத்து, "யாரும்மா இது?" என்றார். என் புருஷன் என்று சொல்ல வாய் வரவில்லை. கார்டை டிராயருக்குள் போட்டுக்கொண்டார். "அடுத்த மாசம் வாங்க. பாக்கலாம்."

வெறும் பையோடு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

"அர்த்தம் சொன்னது ஒரு குத்தமா?" என்றார்.

நான் அவரையே பார்த்தேன்.

"இப்ப எதுக்கு மொறைக்கற?"

"மொறைக்கலங்க" என்றேன். "வாஞ்சையாத்தான் பாக்கறேன்."