பூட்டிய மில்

ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதிப் பிளாசா ஒன்றில் மிளகாய்த்தூள் அரைக்கும் கடையைக் கடக்கும்போதெல்லாம், தும்மல் வருவதற்கு முன்பே எங்கள் ஊரின் பூட்டிய மில் எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. அது செல்வம் அண்ணையுடையது. அது ஓடிய நாட்களில் பெல்ட் அடிக்கும் சத்தம் பள்ளிக்கூடம்வரை கேட்கும். அரைத்த மா, பைக்குள்ளே வீடு வரும்வரை சூடாக இருக்கும். யுத்த காலத்தில் அவர் போராடப் போனதும், அவர் திரும்பும்வரை ஊரில் வேறு யாரும் மில் போடக்கூடாது என்று ஊர்க் கமிட்டி கட்டுப்பாடு போட்டது. போராளியின் தொழிலை அடுத்தவன் பறிக்கக்கூடாதாம். தானும் மில் போட அப்பா ஆசையாக வாங்கிவந்த மெசின் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை வீட்டுக்கு வீடு உலக்கைச் சத்தம். அம்மாவின் உள்ளங்கைகள் கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போயின.

ஒருநாள் செல்வம் அண்ணையின் மனைவி ராணியக்கா, கமிட்டித் தலைவரை எங்கள் முற்றத்துக்கே கூட்டிவந்து, அப்பாவைக் காட்டிச் சொன்னார்.

"எனக்கு மில் ஓட்டத் தெரியாது. இவரை மில் திறக்க விடுங்கோ. நான் இஞ்ச வேலை செய்து பிள்ளையளைப் பாக்கிறன்."

"உங்களுக்காகத்தானே தங்கச்சி இந்தக் கட்டுப்பாடு" என்றார் தலைவர்.

அப்பா வாய் திறக்கவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

செல்வம் அண்ணை திரும்பவில்லை. அவர் இறந்த செய்தி வந்த பிறகும் கட்டுப்பாட்டை யாரும் நீக்கவில்லை. அது அவருக்குச் செய்யும் மரியாதையாம். அந்த மரியாதையோடு ராணியக்கா வீடு வீடாகப் போய்க் கூலிக்கு மா இடித்தார்.