ஜெபசுதாவின் இனிஷியல்

ஜெபசுதா ஒரே ஆள்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். எங்கள் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் எனக்கு எதிர் மேஜையில் வருடக்கணக்காக உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து ஊறுகாயைக் கேட்காமலே எடுத்துத் தின்றவள் அவள். நான் தமிழ்த்துறை, அவள் விலங்கியல். ஆனால் உலகத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கும் அந்த வெளிநாட்டுக் கம்ப்யூட்டரைக் கேட்டால் அவள் மூன்று பேர் என்று சொல்லும். அந்த மூவரில் ஒருவர் அவளுடைய அப்பா. இன்னொருவன் அவளை விட்டுப் போன புருஷன்.

சொந்த ஊர் நாசரேத். அப்பா தேவமணி, ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்துக்கும் கடலுக்கும் இருந்த ஒரே உறவு மீன் குழம்புதான். சுதா மட்டும் எப்படியோ முத்துச்சிப்பியில் போய் விழுந்தாள். தூத்துக்குடிக் கடலடியில் சிப்பி ஒட்டி வளரும் பாறைத்திட்டைப் ‘பார்’ என்பார்கள். அந்தப் பார்களில் சிப்பிக் குஞ்சுகள் ஏன் நிலைக்காமல் செத்துப்போகின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. முத்து நகரம் என்று மேடையில் மார்தட்ட எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. சிப்பியே இல்லையே, ஏன் என்று படகேறிப் போய்ப் பார்க்கத்தான் ஆள் கிடையாது. அவள் போனாள். வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே போவாள். கடலில் மூழ்கும் குளியாட்கள் மேலே கொண்டுவரும் கல்லில் படிந்திருக்கும் சேற்றைச் சுரண்டிக் குப்பியில் அடைத்து, உப்புக் காய்ந்த முகத்தோடு நேரே வகுப்புக்கு வருவாள்.

முதல் கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பும்போது ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் வந்தது. நிரப்பாமல் விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான் உண்டு. அவள் அப்பா பெயரைப் போட்டாள். வெள்ளைக்காரன் கணக்கில் கடைசியில் வருவதுதான் ஆளின் பெயர், முன்னால் வருவது சும்மா ஒரு எழுத்து. ஆக, கட்டுரை எழுதியவர் தேவமணி, ஜெ. என்று பதிவாயிற்று. பிறகு ஜெபசிங்கோடு கல்யாணம் நடந்தது. அவனும் விலங்கியல்தான். எல்லாப் பெண்களையும் போல அவளும் இனிஷியலை மாற்றினாள். அடுத்த கட்டுரைகளில் அந்தக் கட்டத்தில் புருஷன் பெயர் ஏறியது. புதுசாகக் கல்யாணமானவள், ஆசையாகத்தான் போட்டிருப்பாள். அவன் மகள் ஜெப்ஸியைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போய், திரும்பி வராமலே இருந்துவிட்ட பிறகு வெறும் ஜெபசுதா என்று எழுதத் தொடங்கினாள். இதெல்லாம் அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை, ஏனென்றால் அப்போது யாரும் எண்ணவில்லை.

பிறகு எண்ணத் தொடங்கினார்கள். விலங்கியலில் ஒரு நிரந்தர இடம் காலியானது. வருடாவருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் காலம் தள்ளிய சுதாவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்குமேல் வயது இடம் கொடுக்காது. நிர்வாகம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது: எச்-இண்டெக்ஸ் பத்து இருக்க வேண்டும். அதாவது பத்துக் கட்டுரைகள் எழுதியிருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் குறைந்தது பத்துப் பேர் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். பத்துக் கல்யாண வீட்டில், வீட்டுக்குப் பத்துப் பேராவது நம் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்கிற மாதிரி. நல்லதாகச் சொன்னார்களா, திட்டினார்களா என்பது கணக்கில் இல்லை. எனக்கு இந்த எண் பூஜ்யம். தமிழில் எழுதுகிறவளை அந்தக் கம்ப்யூட்டர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. நல்லவேளை, இந்தக் கூத்தெல்லாம் வருவதற்கு முன்னாலேயே நான் நிரந்தரமாகிவிட்டேன்.

சுதாவின் கட்டுரைகளை எல்லாம் சேர்த்தால் அந்த எண் பதினொன்று வரும். கம்ப்யூட்டரில் ஜெபசுதா என்று தட்டினால் ஐந்து காட்டியது.

நேர்முகத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். சுதா கட்டுரைகளைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் முதல்வர் அறைக்குள் நுழைந்துவிட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, என் வாய்க்குப் பயம்.

“முதல் பக்கத்துலேயே முழுப்பேரு இருக்கு சார். ஜெபசுதா ஜெபசிங். நாந்தான் சார் அது” என்றாள் சுதா.

நிபுணர் அந்தத் தாள்களைத் தொடவே இல்லை. “பேப்பரைத் திறந்து பார்க்கிறது எங்க ப்ராசஸ்லயே இல்லைம்மா. டேட்டாபேஸ் என்ன காட்டுதோ அதுதான்.”

“வாசிக்கவே மாட்டியளா?” என்று நான் கேட்டுவிட்டேன்.

“வாசிச்சா பாரபட்சம் வந்துடும் மேடம்” என்றார் அவர். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். அவரை நாலு கேட்க வேண்டும் போல எனக்கு நாக்கு துடித்தது. முதல்வர் கிருபாநிதி சார் நல்ல மனிதர்தான், ஆனால் தனக்கு மேலே இருப்பவர்களை நினைத்தே வாழ்கிறவர். கடைசியில் ஒரு வழி சொன்னார்: அப்பாவும் புருஷனும் அந்தக் கட்டுரைகள் தங்களுடையவை அல்ல என்று எழுதித் தரட்டும், அதை அனுப்பி டேட்டாபேஸைத் திருத்திக்கொண்டு வந்தால் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் நாசரேத் போனோம். தேவமணி சாருக்கு வலதுபக்கம் வாதம் வந்து கைவிரல்கள் சரியாக மடங்காமல் இருந்தன. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். “ஏளா, இம்புட்டு நாளும் நான் சயின்டிஸ்டுன்னு எனக்கே தெரியாதே!” நோட்டரி வக்கீல் டைப் அடித்துக் கொண்டுவந்ததை மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு போய்விட்டது. மேற்படி ஆய்வுகளுக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்று அதில் இருந்தது.

“சம்பந்தமே இல்லன்னு நான் எழுதணுமா? எம்பிள்ள எம்பேரைத்தான போட்டிருக்கா” என்றார். சுதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மடங்காத விரல்களாலேயே பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்து வெளியே போய்விட்டேன்.

அந்தக் கையெழுத்தால் ஐந்து ஏழாயிற்று. மீதியெல்லாம் ஜெபசிங்கிடம் இருந்தது. அவனுடைய அப்பா பெயரும் ஜெ-யில்தான் தொடங்கும். ஆகவே கம்ப்யூட்டருக்கு ஜெபசிங், ஜெ. என்றால் அவன்தான். சுதா கடலில் வாந்தி எடுத்து எழுதியதெல்லாம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அதை வைத்து அவன் ஒரு படி மேலேயும் ஏறியிருந்தான். ஸ்டாஃப் ரூமில் ஆளில்லாத நேரம் பார்த்து அவனுக்கு ஃபோன் போட்டாள். நான் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

“நான் களவாண்டனா சுதா? கம்ப்யூட்டரா சேத்துச்சு.”

“சேத்தத எடுத்து விடச் சொல்லுதேன். வேற ஒண்ணும் கேக்கல.”

“எடுத்தா நான் எங்க போய் நிக்க? எனக்கு ப்ரொஃபசர் இன்டர்வியூ வருது.”

“அது நான் எழுதுனது.”

அவன் நிதானமாகச் சொன்னான்: “நீதான எம்பேரப் போட்ட? போடுன்னு நான் சொன்னனா?”

சுதா ஃபோனை வைத்துவிட்டாள்.

இடம் அதற்கு விண்ணப்பித்திருந்த இன்னொருவனான ஜாபேஸுக்குப் போயிற்று. அவன் கடலில் கணுக்கால் நனைத்தவன் இல்லை. அவனும் கூட்டாளிகள் நாலைந்து பேரும் மாறி மாறி ஒருவர் கட்டுரையை ஒருவர் மேற்கோள் காட்டி, எண்ணை ஏற்றிக்கொண்டவர்கள். இன்றைக்கும் எதிரே வந்தால் அவனுக்கு நான் வணக்கம் சொல்வதில்லை. அடுத்த வருடம் சுதாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஐப்பசி மழையில் தேவமணி சார் இறந்துபோனார். இப்போது சுதா பைபாஸ் ரோட்டில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். இறாலில் மருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பாரைப் பற்றிப் பாதி எழுதிய கட்டுரையை முடித்துவிடு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. “எந்தப் பேர்ல போட செல்விக்கா?” என்று ஒருநாள் கேட்டாள். அதற்குப் பிறகு நான் வற்புறுத்தவில்லை.

போன மாதம் ஜெப்ஸியின் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் எடுத்தார்கள். பிள்ளையின் இனிஷியலுக்கு அப்பா பெயருக்குப் பதில் அம்மா பெயரையும் வைக்கலாம் என்று சுதா எங்கேயோ கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டு வந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு வேகத்தைப் பார்த்தேன். நானும் கூடப் போனேன். அலுவலகத்தில் பெனிஸ்டன் என்ற தம்பி உட்கார்ந்திருந்தான்.

“அம்மா பேரு என்னக்கா?”

“ஜெபசுதா.”

“இப்ப இருக்கது அப்பா பேரு. அது?”

“ஜெபசிங்.”

அவன் திரையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், சிரித்தான். “அங்கயும் ஜெ, இங்கயும் ஜெ. இப்பவே ஜெ. ஜெப்ஸின்னுதான இருக்கு. இதுல மாத்த என்னக்கா இருக்கு?”

“எம்பேர முழுசாப் போட முடியாதா தம்பி?”

“இனிஷியலுக்கு ஒரு எழுத்துதான்க்கா இடம்.”

கெட்ட பையன் இல்லை, உள்ளதைத்தான் சொன்னான். சுதா கொண்டுவந்த விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். வாசலில் ஜெப்ஸி காத்துக்கொண்டிருந்தாள். சுதா அவள் தோளில் கைபோட்டு, “இனிமே அந்த ஜெ யாருன்னு யாராவது கேட்டா அம்மா பேருன்னு சொல்லு, என்னளா?” என்றாள்.

“சரிம்மா” என்றது பிள்ளை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு மெதுவாகச் சொன்னது: “ஆனா யாரும் கேக்க மாட்டாங்கம்மா.”