நயினார் மோந்து தந்த டிரம்

டிரம்முக்குள் தலையை விட்டால் ஜீவேந்திரன் சீக்கிரத்தில் வெளியே வருவதில்லை. தோள்வரை உள்ளே போய் மூச்சை நன்றாக இழுப்பார். பிறகு நிமிர்ந்து, மூக்கைத் துண்டால் ஒற்றிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். "வாசனையே இல்ல. தாராளமா தண்ணி புடிச்சி வெச்சிக்கோங்க." திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற சாலையில் பழைய டிரம் வாங்குகிறவர்களுக்கு இதற்கு மேல் ஒரு முத்திரை வேண்டியதில்லை. "நயினார் மோந்து குடுத்தது" என்றால் பேச்சு முடிந்தது.

டிரம்கள் ஏதோ ஒரு கிடங்கிலிருந்து லாரியில் வருகின்றன. கல்லைக் கரைத்துத் தாமிரம் பிரிக்கிற சுரங்கக்காரர்கள் பயன்படுத்தும் கரைப்பான் அவற்றில் இருந்தது. மண்ணெண்ணெய்க்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். சோப்பும் புளியும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்தால் போதும் என்பது ஜீவேந்திரனின் கட்சி. பிளாஸ்டிக் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, பிறகு ஊற்றுகிற தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் மூக்கைத்தான் நம்பியிருப்பார்.

பூர்வீகம் மேல்சித்தாமூர்; சமண நயினார் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்கமாட்டார். டிரம்மை உருட்டும் முன் குனிந்து, கீழே இருக்கிற எறும்புகளை ஊதி விலக்குவார். வாங்க வருகிறவர்களிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இன்னாத்துக்கு வாங்கிக்கினு போறீங்க?" மீன் ஊறவைக்க என்று வாய் தவறிச் சொன்னால் சரக்கே இல்லை என்றுவிடுவார். "அந்தப் பாவம் என் மேல இல்ல ஒட்டிக்கும்!" குடிதண்ணீருக்கு என்றால் முகம் மலர்ந்து விலையைக் குறைப்பார். அது தருமமாம்.

டிரம்மில் ஒட்டியிருக்கிற சீட்டையும் அவர் தம் வழியில் படித்துவைத்திருக்கிறார். சிவப்புக் கட்டத்துக்குள் செத்த மீன் ஒன்றும் பட்ட மரம் ஒன்றும் இருக்கும். உள்ளே இருப்பது ஆற்றில் ஏரியில் கலந்தால் நடப்பதைத்தான் அந்தப் படம் சொல்கிறது. ஜீவேந்திரனோ, "மீன் போடாதேன்னு படமே போட்டுட்டான் பாருங்க. கம்பெனிக்காரன் நம்ம சைவம் போல" என்று பெருமைப்படுவார். இன்னொரு கட்டத்தில் ஒரு மனிதனின் நெஞ்சு நட்சத்திரமாய் வெடித்திருக்கும்; உள்ளே போனால் உடம்பைக் கெடுக்கும் என்கிற எச்சரிக்கை அது. "தியானம்" என்பார்.

ஒருமுறை டிரம் கழுவும் மாரியப்பன், டிரம்முக்குப் பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்தான். காலி டிரம் 'டப்'பென்று தீயைக் கக்கி அவன் புருவத்தைக் கொண்டுபோனது. பீடி கெட்ட பழக்கம் என்று ஜீவேந்திரன் அரைமணி நேரம் உபதேசம் செய்தார். கழுவிய தண்ணீர் போகிற கால்வாயில் இப்போது ஒரு தவளை இல்லை. எறும்புக்கு வழிவிடுகிற மனிதர் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்ததில்லை.

வளவனூரில் கட்டிக்கொடுத்த மகள் சன்மதி இப்போது ஏழு மாத கர்ப்பிணி. வந்ததிலேயே நல்ல டிரம்மாகப் பொறுக்கி, மூன்று தடவை மோந்து பார்த்து, அவள் சமையலறைக்கு அனுப்பியிருந்தார். மகளுக்கு ஓயாத தலைவலி, குமட்டல். பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று இரண்டு வீட்டிலும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

இந்த நிலையில் ஒருநாள் காலை, மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து பவுனு வந்து இறங்கினாள். அவரிடம் வாங்கிய டிரம்மைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். சந்தைக்குப் போகிற வழி என்பதால் கருவாட்டுக் கூடையும் கூடவே இருந்தது.

"நயினாரே, இதுல புடிச்ச தண்ணியக் குடிச்சிட்டு வூட்ல அத்தினி பேருக்கும் வாந்தி. கெரசின் நாத்தம் கொடலப் புடுங்குது."

ஜீவேந்திரன் தலையை உள்ளே விட்டார். வெளியே வந்தார். "ஒண்ணும் வர்லியேம்மா."

பவுனு அவரை ஒரு மாதிரி பார்த்தாள். போன வருஷம் கருவாட்டு ஆட்டோ ஒன்று கடை முன்னால் நின்றதைப் பார்த்ததற்கே தெருவைக் கூட்டியவர் இவர். இப்போது கூடை அவர் முழங்காலை இடித்துக்கொண்டிருக்கிறது; மனிதர் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. மேலே மூடியிருந்த சாக்கை விலக்கிக் கூடையை அவர் முகத்துக்கு நேரே தூக்கினாள்.

"இது வருதா?"

அவர் மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். "வர்ல" என்றார். அந்த மூக்கு செத்து எத்தனை வருஷம் ஆயிற்றோ, அவருக்கே தெரியாது. மூன்று தடவை மோந்து மகளுக்கு அனுப்பிய டிரம் நினைவுக்கு வந்தது. வளவனூருக்குப் போன் போட்டார்.

"சன்மதி, அந்த டிரம் தண்ணியத் தொடாதம்மா."

"அதத்தானப்பா கொடம், பான, தொட்டின்னு எல்லாத்துலயும் ஊத்தி வெச்சிருக்கு. இங்க யாருக்கும் வித்தியாசம் தெரியல, பழகிப்போச்சி. எது நல்லது எது கெட்டதுன்னு நீங்களே வந்து மோந்து பாத்துச் சொல்லிடுங்க."

போனை வைத்தவர் பவுனுவிடம் திரும்பினார். "பவுனும்மா, வளவனூர் வரைக்கும் வர்றியா? எம்பொண்ணு வூட்டுத் தண்ணிய நீ மோந்து பாக்கணும்."

"எங்க வூட்ல வாந்தின்னு சொன்னப்ப ஒண்ணும் வர்லேன்னீங்க" என்றாள் பவுனு. கூடையின் மேல் சாக்கை இழுத்து மூடினாள். "சரி, புள்ளத்தாச்சிப் பொண்ணு. வர்றேன். இந்தக் கூடைய எங்க வுட்டுட்டு வர்றது?"

ஜீவேந்திரன் குனிந்து, கருவாட்டுக் கூடையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, தம் வண்டியின் முன் இருக்கையில் வைத்தார்.