ஒரு பாலத்துக்கு இரண்டு பலகை

யுத்தத்துக்குச் சில வருஷங்களுக்கு முன், என் கணவர் தேனியிலிருந்து தேவதானப்பட்டிக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தங்கையின் நிச்சயத்துக்காக ஒருநாள் நானும் அந்த வண்டியில் போனேன். அவர் இருக்கைக்குப் பின்னாலேயே எனக்கு இடம்.

பெரியகுளத்துக்கு முன்னால் ஒரு பாலம். முகப்புப் பலகையில் பதினைந்து மைல் வேகம் என்றிருந்தது. மிஷன் பள்ளியில் படித்தவள், வழியில் கண்ட எழுத்தையெல்லாம் வாசிப்பேன். அவர் வேகத்தைக் குறைத்துத்தான் பாலத்தில் ஏறினார். ஆனால் மறுகரையில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். பாலத்தில் எட்டு மைலுக்கு மேல் போகக் கூடாதாம். திரும்பிப் பார்த்தேன். எதிரிலிருந்து வருகிறவர்களுக்காக அந்தக் கரையில் நட்டிருந்த புதுப் பலகையில் எட்டு என்றே இருந்தது. முந்தின வாரம் இதே போலீஸ்காரர் இதே வேகத்தில் போகவிட்டதை என் கணவர் சொல்லிப் பார்த்தார். பயனில்லை.

சம்மன் வந்தது. லைசென்ஸ் போனால் பிழைப்பு போகும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. பயந்து பயந்து ஓட்டியதில் ஆட்கள் வேறு பஸ்ஸுக்கு மாறினார்கள். முதலாளியும் ஏசினார்.

விசாரணைக்கு முந்தின நாள் முகம் வெளிறி வந்தார்.

"பதினஞ்சு பலகையக் காணோம். யாரோ பிடுங்கிட்டாக. நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"கோர்ட்டுல வந்து சொல்லுவியா?"

தலையாட்டினேன்.

மறுநாள் பெரியகுளம் கோர்ட்டில், பதினைந்து பலகையைப் பார்த்ததாக நான் சொன்னதும், புருஷனுக்குப் பெண்டாட்டி பரிந்துதானே பேசுவாள் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். காலையில் பாலம் தாண்டும்போது பார்த்தது நினைவுக்கு வந்தது.

"பலகையப் பிடுங்கின குழிய இன்னும் மூடலங்கய்யா. ஆள் அனுப்பிப் பாருங்க."

மாஜிஸ்திரேட் போலீஸ்காரரைப் பார்த்தார். அந்த மனிதர், அன்றைக்கு இரண்டு பலகையும் இருந்தது உண்மை என்றார். ஒன்றை நட்டது ஒரு ஆபீஸ், மற்றதை நட்டது இன்னொரு ஆபீஸ். எதை வைத்துப் பிடிப்பதென்று தனக்கும் யாரும் சொல்லவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டார்.

கேஸ் தள்ளுபடியானது. கோர்ட் வாசலில் என் கணவர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு எட்டுல போறதா, பதினஞ்சுல போறதா?" என்றார்.

அடுத்த வாரம் எட்டுப் பலகையையும் எடுத்துவிட்டார்கள். புதிதாக ஒன்றும் நடவில்லை. சில மாதத்தில் அவர் முதலாளியிடம் கேட்டுக் கம்பம் ரோட்டுக்கு மாறிக்கொண்டார். அங்கேயும் ஒவ்வொரு ஊர் முகப்பிலும் பஸ்ஸை ஊர்ந்துபோகவிட்டுப் பலகையைத் தேடுகிறார் என்று கண்டக்டர் வந்து என்னிடம் குறைப்பட்டார்.