அண்ணி சொன்ன எடை

சிப்பாய் துப்பாக்கி முனையால் கறுப்புப் பொலித்தீன் பையை விரித்தபோது, உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் ஏதோ வழுவழுப்பாக வழிந்தது. மாத்தளையிலிருந்து வீடு திரும்பும் வழியில், நாலந்தாவுக்குச் சற்று முன்னால் பஸ்ஸை நிறுத்தி எங்களையெல்லாம் இறக்கியிருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் இரண்டடி விலகினார்கள். இது என்ன என்று அவன் சிங்களத்தில் கேட்டான். மாட்டின் கணையம், எங்கள் நாய்க்கு மருந்து என்று அண்ணி தடுமாறாமல் சிங்களத்திலேயே சொன்னார். அவன் நம்பவில்லை. அண்ணியின் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். புருஷன் எங்கே என்று அடுத்துக் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தேன். அண்ணி கைப்பையிலிருந்து மிருக வைத்தியரின் கடிதத்தை எடுத்து நீட்டினார். அவன் அதை உதடு அசையப் படித்தான். மனிதர்களுக்கே மருந்தில்லை என்று முணுமுணுத்துவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தான். பஸ் புறப்பட்டதும் அண்ணி பையைத் திறந்து ஐஸ் கட்டிகளைக் கணையத்தின் மேல் மறுபடி அடுக்கினார்.

அவர் என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணன் தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுநர். ஒருநாள் வழியில் கைகாட்டிய ஒரு பையனை ஏற்றிக்கொண்டார். அவனுடைய அடையாள அட்டையில் வடக்கு முகவரி இருந்தது; போர்க்காலத்தில் அதுவே சந்தேகத்துக்குப் போதும். அடுத்த ராணுவச் சோதனைச் சாவடியில் இருவரையும் இறக்கிக்கொண்டு போனார்கள். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. தெற்கே ஒரு தடுப்பு முகாமில் அண்ணனை வைத்திருப்பதாக மூன்று வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வீட்டில் மிஞ்சியது அண்ணி, அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த நான், அண்ணனின் அல்சேஷன் நாய் டைகர்.

அந்த நாய்க்குத் தீராத நோய். தின்றதைச் செரிக்க வைக்கும் நீர் அதன் கணையத்தில் சுரப்பதில்லை. மூன்று கோப்பை சோறு தின்றாலும் அத்தனையும் வெளிறிப்போய், எண்ணெய்ப் பிசுக்கோடு, குவியலாக வெளியே வந்துவிடும். பசி அடங்காமல் மண்ணைத் தின்னும், சொல்லக் கூசுகிறது, தன் மலத்தையே தின்னும். மாத்தளை மிருக வைத்தியர் ஒரு வழி சொல்லியிருந்தார். மாட்டின் கணையத்தைப் பச்சையாக அரைத்து, ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டில் பிசைந்து அரைமணி நேரம் வைக்க வேண்டும். சோறு சூடாக இருந்தால் மருந்தின் சக்தி போய்விடும். தேங்காய், கொழுப்பு எதுவும் கூடாது. ஒரு வேளை தவறினாலும் மறுநாள் முற்றம் காட்டிக்கொடுத்துவிடும். இதையெல்லாம் அண்ணன்தான் செய்துவந்தார். அண்ணிக்கு நாய் என்றாலே பயம். டைகர் உள்ளே வந்தால் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலில் ஏறிவிடுவார்.

முதல் தடவை முகாமில் பார்க்க விட்டபோது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "டைகர் சாப்புடுதா?" என்பதுதான். எனக்குக் கோபம் வந்தது. பத்து மணி நேரம் பஸ்ஸில் வந்து நிற்கும் மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று திரும்பும் வழியில் புலம்பினேன். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "நல்லாருக்கியான்னு என்னையக் கேட்டா நா அழுதிருவேன், புள்ள. அது அவருக்குத் தெரியும். அதான் நாயக் கேக்குறாரு."

மறுநாளே அவர் கணையம் தேடி மாத்தளைக்குப் போனார். மாட்டிறைச்சிக் கடைக்காரர், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், "இது நாங்க வீசுற சாமான்தானே தங்கச்சி, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாராம். வாரம் ஒருமுறை பயணம். வீட்டுக்கு வந்ததும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அரைத்து, சின்னச் சின்னப் பைகளாகக் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைப்பார். தட்டை ஒரு கம்பால் தள்ளிவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவர், இரண்டு மாதத்தில் நாயைத் தூக்கிக்கொண்டு மிளகு வாங்கும் கடைத் தராசில் ஏறி நின்றார். இருவர் எடையில் தன் எடையைக் கழித்து, முகாமுக்குப் போகும்போது அண்ணனிடம் அதைச் சொல்வார். இருபத்தி நாலு. இருபத்தி அஞ்சு. இருபத்தி ஆறு.

பிறகு மாடுகளுக்குக் காலிலும் வாயிலும் புண் வைக்கும் கோமாரி நோய் பரவியது. அறுப்பது நிறுத்தப்பட்டது, கடைகளை மூடிவிட்டார்கள். மூடுவதற்கு முன் நானா கொடுத்ததை வைத்து இரண்டு வாரம் ஓட்டலாம் என்றிருந்தோம். அடித்த மழையில் மின்கம்பம் சாய்ந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. பெட்டியைத் திறந்தபோது வந்த நாற்றத்தில் நான் வெளியே ஓடிவிட்டேன். அண்ணி ஒவ்வொரு பையாக முகர்ந்து பார்த்தார். அத்தனையையும் கொல்லையில் புதைத்தார். அன்றிலிருந்து டைகர் எங்கள் கண்முன்னே கரைந்தது. விலா எலும்புகள் புடைத்தன. சுவர் ஓரமாக நின்று சுண்ணாம்பை நக்கியது. முகாமுக்குப் போகும் நாள் வந்தபோது எடை இருபது.

"அண்ணனுக்கிட்ட இருபத்தி ஆறுன்னே சொல்லுங்க அண்ணி," என்று பஸ்ஸில் கெஞ்சினேன். அண்ணன் அந்த நாட்களில் பேசுவதையே குறைத்திருந்தார். வக்கீல் வருகிறார் என்றாலும், வீட்டில் எல்லோரும் சுகம் என்றாலும் தலையை மட்டும் ஆட்டுவார். தாடி வளர்ந்து, கண்கள் எங்களைத் தாண்டி எங்கேயோ பார்க்கும். இன்னொரு அடியை அவர் தாங்கமாட்டார் என்று நினைத்தேன்.

வலைக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தது. "டைகர்?"

"இருபது கிலோ," என்றார் அண்ணி. "மாட்டுக் கட எல்லாம் மூடிட்டாங்க. வச்சிருந்தது கெட்டுப்போச்சு. என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். காவலாளி நேரமாகிவிட்டது என்று தடியால் மேசையைத் தட்டினான். அண்ணன் வலையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரலில் அவசரம் இருந்தது. "கண்டிக்குப் போ. இதே நோவுக்கு மனுசங்களுக்குக் குடுக்கிற குளிசை இருக்கு, வெலதான் கூட. டொக்டருக்கிட்ட எழுதி வாங்கிக்க. ஒடச்சி, தூளச் சோத்துல தூவு. பெரிய ஃபார்மசில கேளு, இல்லன்னாங்கன்னா அடுத்ததுல கேளு. வெறுங்கையோட வந்துறாத, கேளு!" எங்களை வெளியே அனுப்பும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தார்.

மூன்று மருந்துக்கடைகளில் இல்லையென்றார்கள். நான்காவதில் கிடைத்தது. குளிசை கொடுக்கத் தொடங்கிய ஐந்தாம் நாள் காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய என்னை அண்ணி கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "பாரு, புள்ள, பாரு!" கட்டியாக, பழுப்பாக, எந்த நாயும் போடுகிற மாதிரி. மரியாதையுள்ள இரண்டு பெண்கள் நாய் மலத்தைச் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டார் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

போர் நிறுத்தம் வந்து சில மாதங்களில் அண்ணனை விட்டார்கள். வந்த அன்று டைகர் அவரை வெகுநேரம் மோப்பம் பிடித்தது. பிறகு காலடியில் படுத்துக்கொண்டது. சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருக்கையில், அன்று உண்மையைச் சொன்னதற்காக அண்ணியோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததை நான் ஒப்புக்கொண்டேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"உள்ள எல்லாரோட வீட்டுக்காரங்களும் நல்லாருக்கோம், நல்லாருக்கோம்னுதான் சொல்லுவாங்க. ஒருத்தனும் நம்பமாட்டான். நானும் நம்பல. அன்னைக்கு இவ இருபதுன்னு சொன்னா பாரு, அப்பறந்தான் வக்கீல் வாறாருன்னதையும் நம்புனேன். ராவுல தூங்குனேன்."

அதன்பின் டைகர் நான்கு வருடம் இருந்தது. அண்ணன் மறுபடி லொறி ஓட்டினார். நாய்ச் சாப்பாடு அண்ணியின் பொறுப்பாகவே நின்றுவிட்டது. ஒரு நாள் காலை அது எழுந்திருக்கவில்லை. அண்ணன் அப்போது தம்புள்ளைச் சந்தையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். லொறி ஓட்டுகிறவரிடம் இப்போது சொல்ல வேண்டாம், மாலை வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்று என் வாய்வரை வந்தது. சொல்லாமல் நின்றேன். அண்ணி தொலைபேசியை எடுத்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"டைகர் போயிருச்சிங்க," என்றார். "மெதுவா ஓட்டிக்கிட்டு வாங்க. நீங்க வந்து பாக்கிறவரைக்கும் குழிய நா மூட மாட்டேன்."