விழுங்காத மாத்திரை

பெண்கள் சிறையில் அவளுக்குப் பெயர் பார்லர் அக்கா. வெளியே அழகு நிலையத்தில் வேலை பார்த்தவள். உள்ளே வந்தும் கை சும்மா இருக்கவில்லை; பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு, கைதி, காவலர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் புருவம் திருத்திவிட்டாள். அவள் உள்ளே வந்த கதை இதுதான்: குடித்துவிட்டு வந்து அடித்த புருஷனைப் பிடித்துத் தள்ளினாள். அவன் மாடிப்படியில் உருண்டு செத்தான். வழக்கு இழுத்துக்கொண்டே போனது.

ராத்திரியானால் அழுதாள். அங்கே அழாமல் யார் இருக்கிறார்கள்? ஆனாலும் அறையில் யாரும் தூங்க முடியவில்லை என்று புகார் போனது. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மாத்திரை எழுதினார். அந்தச் சிறையில் எந்தத் துக்கத்துக்கும் ஒரே வைத்தியம், தூங்க வைப்பது.

மாத்திரை வேலை செய்தது. அழுகை நின்றது, கூடவே மற்றதெல்லாம் நின்றது. தம்பி அவள் மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தபோது கண் செருகியது, நாக்கு குழறியது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மகள் கேட்டது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

"அம்மாவும் குடிக்குதா மாமா?"

அந்தக் கேள்வி அவளை அறுத்துப் போட்டது. அடுத்த முறை தெளிவாக நின்று, "அம்மா குடிக்கல கண்ணு" என்று சொல்லிவிட வேண்டும். அதற்குமேல் அவளுக்கு ஓர் ஆசையும் இல்லை. அன்று முதல் நர்ஸம்மா கொடுத்த மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தலையணை உறைக்குள் சேர்த்தாள். தூக்கிப் போட மனசு வரவில்லை. பிள்ளை வந்துவிட்டுப் போன பிறகு எப்படியும் தாங்காது, அப்போது விழுங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அங்கேதான் அந்த அசடு கோட்டை விட்டது.

மகள் வருவதற்கு முந்தின நாள் அறையில் சோதனை. உறையிலிருந்து மாத்திரைகள் கொட்டின. எடுத்தது, அவளிடம் புருவம் திருத்திக்கொண்ட தலைமைக் காவலரேதான்.

"சாகறதுக்கு சேத்து வச்சிருக்கியா?"

"இல்லம்மா. நாளைக்கு என் பொண்ணு வர்றா. தெளிவா இருக்கணும்னு..."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் வேலை போயிடும்."

அதிலும் பொய்யில்லை, அந்தம்மாவுக்கும் பிள்ளைகள் உண்டு. தூங்க வைக்கிற ஊசி போட்டார்கள். மறுநாள் காலையிலும் போட்டார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தால்கூடப் புண்ணியமாகப் போயிருக்கும், அதைச் செய்யவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வலைக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

அத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தை குழைந்து வெளியே வந்தது. "அம்மா குடிக்கல" என்றுதான் சொன்னாள். எந்தக் குடிகாரனும் அப்படித்தான் சொல்வான். மகள் அழவில்லை. அப்பாவிடம் பேசிப் பழகிய அதே தணிந்த குரலில், கோபம் வந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துப் பேசினாள்.

"சரிம்மா. நீ குடிக்கல. போய்ப் படுத்துக்கோ."