பச்சைக் கற்பூரம் போட்ட புரோட்டீன்

என் பிள்ளையின் நிச்சயதார்த்தத்தில் நான் கால் தடுக்கி விழவில்லை. விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை, நாலு பேர் பதறியிருப்பார்கள். நான் பெரியவரைச் சேவித்தேன். பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

விழுந்து வணங்குவதை ஸ்ரீரங்கத்தில் நாங்கள் சேவிப்பது என்போம். பெண்ணுக்குப் பெரிய தாத்தா முறையாகும் ஒரு பெரியவர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் என் கணவரும் தம்பதியாக அவரைச் சேவித்தோம். கணவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், எழுந்தார். நான் மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைத்தவள், மடிசார் புடவையோடு அப்படியே கிடந்தேன். முதலில் பக்தி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பக்தி ரொம்ப நேரம் நீடித்ததும், இரண்டு பெண்கள் வந்து ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"மாமிக்கு முட்டி வலியா? பாவம்" என்றாள் சம்பந்தியம்மாள். அவள் என்னைவிட மூத்தவள், என்னைவிட வேகமாக நடக்கிறவள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவமானம்தான், வேறென்ன.

இந்த மாதிரி நேரங்களில் என் கணவர் சும்மா இருக்கமாட்டார், நிலைமையைச் சமாளிப்பார். வைஷ்ணவத்தில் நாங்கள் தென்கலை, சம்பந்தி வீட்டார் வடகலை. நாங்கள் பெரியவர்களை ஒரு முறை சேவிப்போம். அவர்கள் நான்கு முறை சேவிப்பார்கள். கலை மாறிச் சம்பந்தம் செய்துகொண்டாலும் அவரவர் வழக்கத்தை அவரவர் பார்த்துக்கொள்வதுதான் நடைமுறை. இவரோ சபை நடுவில், "கல்யாணத்தன்னிக்குப் பாருங்கோ, உங்காத்து வழக்கப்படியே நாங்க நாலு தடவை சேவிச்சுடறோம். இதுல என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கு?" என்று அறிவித்தார். சம்பந்தி வீட்டார் உருகிப்போனார்கள். ஒரு தடவைக்கே இரண்டு ஆள் தேவைப்பட்டவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு தடவைக்கு வாக்குக் கொடுத்த பெருந்தன்மையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில், கார் காவேரிப் பாலத்தில் ஏறியதும் அவரே ஆரம்பித்தார்.

"தை மாசம்தானே கல்யாணம். அதுக்குள்ள பழகிண்டுடலாம், போ."

தில்லை நகரில் எலும்பு டாக்டர் என் முட்டியை மடக்கியும் நீட்டியும் பார்த்தார். "முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. தொடையிலதான் சதையே இல்லை. எக்சர்சைஸ் பண்ணுங்க, புரோட்டீன் சாப்பிடுங்க" என்றார். என் சுற்றளவைப் பார்த்த யாரும் என்னிடம் சதை இல்லை என்று அதுவரை சொன்னதில்லை. உடம்பில் இருப்பதெல்லாம் சதைதான் என்று நம்பி இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகக் காலம் தள்ளிவிட்டேன்.

அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மாவு மிஷினுக்கு மேல்மாடியில் ஜிம் இருந்தது. கீழே மிளகாய் அரைத்தால் மேலே எல்லோரும் எடையை வைத்துவிட்டுத் தும்ம வேண்டும். பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, இரண்டு குழந்தைகளுக்கு அம்மா. முதல் நாளே என்னை "அக்கா" என்றாள். முப்பது வயதிலிருந்து இந்த ஊருக்கே மாமியாக இருப்பவள் நான். அந்த ஒரு வார்த்தைக்காகவே சேர்ந்துவிட்டேன்.

"மதியம் என்னக்கா சாப்பிடுவீங்க?"

"சாதம், குழம்பு, ரசம், தயிர்."

"சரி, புரோட்டீன்?"

"பருப்பு உண்டே! தினமும் உண்டு."

"எவ்வளவுக்கா?"

என் விரல்கள் தாமாகவே குவிந்து ஒரு சின்ன ஸ்பூன் அளவைக் காட்டின. எங்கள் வீட்டில் பருப்பு என்பது இலையின் ஓரத்தில் நெய்யோடு விழும் ஒரு மங்கலச் சின்னம். குழம்பிலும் பருப்பு உண்டு, கரண்டியைப் போட்டுத் தேட வேண்டும்.

"உடம்பு எடை எத்தனை கிலோவோ, கிட்டத்தட்ட அத்தனை கிராம் புரோட்டீன் வேணும்க்கா" என்று சொல்லி, முட்டை வெள்ளைக்கரு, கோழி, மீன் என்று ஆரம்பித்தவள் என் நெற்றியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "அய்யோ, நீங்க சாப்பிட மாட்டீங்கல்ல? எங்க வீட்ல தவக்காலத்து வெள்ளிக்கிழமைன்னா கறி கிடையாது, மீன் மட்டுந்தான். அதுக்கே எனக்கு மூஞ்சி தொங்கிடும்" என்று என்மேல் உண்மையிலேயே பரிதாபப்பட்டாள்.

வீட்டில் புரட்சி தொடங்கியது. மீல் மேக்கரை ஊறவைத்த அன்று கணவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பார்க்கவே மாமிசம் மாதிரி இருக்கு, வெளியில எடுத்துண்டு போ" என்றார். எடுத்துக்கொண்டு போனேன். நவராத்திரிக்கு மட்டும் வந்துகொண்டிருந்த சுண்டல் தினமும் வந்தது. காந்தி மார்க்கெட்டில் அவர் கடலையும் பயறும் வாங்குகிற அளவைப் பார்த்துக் கடைக்காரர், "வீட்ல என்ன விசேஷம் சாமி?" என்று கேட்டிருக்கிறார். இவரும் "ஆத்துக்காரி தொடை" என்று சொல்ல முடியாமல், "கல்யாணம்" என்றாராம். மார்கழிப் பொங்கலில் நான் அரிசியைக் குறைத்துப் பயத்தம்பருப்பை ஏற்றினேன். பேர்தான் பொங்கல்.

அதுவும் போதாது என்று ஜிம்காரி புரோட்டீன் பவுடர் வாங்கச் சொன்னாள். கறுப்பு டப்பா, சாக்லேட் வாசனை, மேலே சட்டை போடாத ஒருவன் புஜத்தை முறுக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். சட்டை போடாத ஆண்பிள்ளை எங்கள் தெருவில் புதிதல்ல. ஆனால் இப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கணவர் அவனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியோடு டப்பாவைப் படித்தார்.

"இது எதுலேர்ந்து எடுக்கறது?"

"பால்லேர்ந்துதான். முட்டை கிட்டை ஒண்ணும் கிடையாது."

"பாலா இருந்தா பெருமாள் அமுது செய்யாம நீ எப்படிக் குடிப்பே?"

எங்கள் வீட்டில் பெருமாளுக்குக் காட்டாமல் எதுவும் வாய்க்குள் போகாது. காய்ச்சாத பாலை அவருக்கு வைப்பதும் கிடையாது. ஆகவே மறுநாள் காலையில் கணவர் என் புரோட்டீனைக் கரைத்து, அடுப்பில் வைத்துப் பொங்கப் பொங்கக் காய்ச்சினார். அது ரப்பர் கட்டிகளாகத் திரண்டு, சுற்றிலும் தண்ணீர் விட்டுக்கொண்டது. திரிந்த பால் பெருமாளுக்கு ஆகாது. கொட்டிவிட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் யோசித்தார். அடுத்த நாள் வெறும் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, பவுடரைக் கலந்து, ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் பொடித்துப் போட்டு, துளசி சாத்திச் சமர்ப்பித்தார். கோயில் வாசனையடிக்கும் சாக்லேட் பால். ஜிம்காரியிடம் ஒரு வாய் கொடுத்தேன். "என்னக்கா, சர்ச்சுல சாம்பிராணி போட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

கணவருக்கு அதில் தினமும் ஒரு ஸ்பூன். தீர்த்தம் வாங்குவது போல உள்ளங்கையைக் குழித்து நீட்டுவார், விடுவேன், உறிஞ்சிவிட்டுக் கையைத் தலையில் தடவிக்கொள்வார். பிரசாதத்துக்குமேல் அதில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. "எனக்கெதுக்கு இதெல்லாம்? சாத்தமுது சாதம் தின்னே இந்த உடம்பு ஓடறது" என்பார். ரசத்துக்கு எங்கள் வீட்டில் சாத்தமுது என்று பேர். நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, பிறகு நாற்காலி இல்லாமல் உட்கார்ந்து எழுந்து பழகுவதை ஊஞ்சலில் இருந்து பார்ப்பார். ஒருநாள் தரையில் மண்டியிட்டு, எதையும் பிடிக்காமல் எழுந்தேன். சமையலறையில் நான் மட்டும்தான் இருந்தேன். சத்தமாகச் சிரித்தேன்.

தை வந்தது. கல்யாண மண்டபத்தில் அதே பெரியவர், அதே நாற்காலி. சம்பந்தி வீட்டார் ஆவலாகச் சுற்றி நின்றார்கள். முதல் முறை சேவித்தோம், எழுந்தேன். இரண்டாவது முறையும் எழுந்தேன். சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்த பார்வைக்காக இன்னும் பத்து தடவை சேவித்திருப்பேன்.

மூன்றாவது முறை என் கணவர் எழுந்திருக்கவில்லை. பக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். கன்னம் தரையில் படிந்திருந்தது, ஒரு கண் மட்டும் மேலே என்னைப் பார்த்தது. இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தேன்? சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவர் அக்குளுக்குள் கைகொடுத்து, ஜிம்காரி சொன்னபடி காலை ஊன்றித் தூக்கினேன். சுலபமாக வந்துவிட்டார். அத்தனை சுலபமாக வந்ததுதான் என்னை என்னவோ செய்தது. என் பிடிக்குள் எலும்பும் அங்கவஸ்திரமும் மட்டுமே இருந்தன. இந்தச் சில மாதங்களாக எங்கள் வீட்டில் என் தொடையைத் தவிர வேறெதையும் யாரும் பார்க்கவில்லை.

"போதும், போதும்" என்றார் பெரியவர்.

"நாலுன்னு சொல்லிருக்கேன்" என்றார் என் கணவர், மூச்சு வாங்க. விழுந்தார். மறுபடியும் தூக்கினேன்.

"மாமாவுக்கு முட்டி வலியா?" என்றாள் சம்பந்தியம்மாள்.

"முட்டியெல்லாம் நன்னாத்தான் இருக்கு" என்றேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போலப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, பவுடரைக் கலந்து, பச்சைக் கற்பூரம் போட்டுப் பெருமாளுக்குக் காட்டினார். நான் ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் உள்ளங்கையைக் குழிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் ஒரு காலி டம்ளரை நீட்டினார்.

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, தளும்பத் தளும்ப ஊற்றினேன்.